ஏழாவது கட்டம்

விண்ணப்பத்தில் ஆறு கட்டம் முடிந்துவிட்டது. பெயர், பள்ளி, பத்தாம் வகுப்பு மதிப்பெண், ஆய்வின் தலைப்பு, ஆய்வின் சுருக்கம், வழிகாட்டி ஆசிரியர். ஏழாவதை நிரப்பாமல் கீழே இருக்கும் பொத்தான் வேலை செய்யாது. மணி மூன்று பத்து, ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள், இன்றோடு கடைசி. ஹேமலதா மிஸ் பிரின்ஸிபாலிடம் கையெழுத்தும் சீலும் வாங்கப் போயிருக்கிறார், போகும்போது, பெண்பிள்ளைகளுக்கும் டா போடுகிற அதே குரலில், ஏழாவதுக்கு நான் டைப் பண்ணி மெயில்ல அனுப்பியிருக்கேன், அதைக் காப்பி பண்ணிப் போடுடா, அவ்வளவுதான் வேலை, உங்கம்மா வந்து கையெழுத்துப் போட்டதும் அனுப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் வேலை. காப்பி பண்ணியாகிவிட்டது. கட்டத்துக்குள் போட்டும் ஆகிவிட்டது. போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இருபது நிமிடமாக. கம்ப்யூட்டர் லேபில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்ததால் டைல்ஸின் குளிர் சாக்ஸ் வழியாக ஏறுகிறது. மைதானத்தில் விளையாட்டு விழாவுக்குப் பேண்ட் வாத்தியம் பழகுகிறார்கள், ஒரே நாலு அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள், நாலாவது அடியில் யாரோ ஒருத்தர் முந்திவிடுகிறார், விசில், மறுபடி முதலிலிருந்து. தேசிய மாணவ ஆய்வாளர் விருது. இந்தியா முழுவதிலும் இருபது பேர். உடுமலைப்பேட்டையிலிருந்து இதுவரை ஒருத்தரும் இல்லை, எங்கள் மாவட்டத்திலிருந்தே இல்லை. நான் விண்ணப்பிக்கிறேன் என்று பிரேயரில் சொல்லிவிட்டார்கள். கைதட்டியும் ஆகிவிட்டது. இனிமேல் எழுந்து, மிஸ், நான் அனுப்பவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியும் என்றே தோன்றவில்லை. வாய் இருக்கிறது, சொற்களும் இருக்கின்றன, ஆனால் அந்தச் சொற்கள் ஹேமலதா மிஸ்ஸின் முகத்துக்கு முன்னால் போய் நிற்காது.

கட்டத்துக்கு மேலே ஆங்கிலத்தில் கேள்வி. உங்கள் வாழ்க்கையில் நீங்கள் கடந்து வந்த மிகப்பெரிய தடை எது, இருநூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதுக. மிஸ் எழுதியிருப்பது இருநூற்று எண்பத்தேழு. நல்ல ஆங்கிலம், என்னால் அப்படி எழுத முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயதில் என் தாய் மனச்சோர்வுக்கு ஆளானாள் என்று தொடங்குகிறது. ஏழு மாதங்கள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கல் இருந்தது, அந்தக் கல்லுக்கு நான் சமைத்துப் போட்டேன். யாருடைய கவனிப்பும் இல்லாமல் நானே என்னை வளர்த்துக்கொண்டேன். அந்த மௌனத்தில்தான் பூச்சிகளைக் கவனிக்கக் கற்றேன். கடைசி வரி பொய். பூச்சிகளை நான் போன வருடம்தான் கவனிக்க ஆரம்பித்தேன், அதுவும் பெரியப்பா தோட்டத்துத் தென்னை ஓலையெல்லாம் கரி பூசினதுபோல ஆனதால். வெள்ளை ஈயின் வேலை அது. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டினால் ஈ வந்து ஒட்டும், அது எல்லோருக்கும் தெரியும், எந்த உயரத்தில் கட்டினால் அதிகம் ஒட்டும், காலையிலா சாயங்காலத்திலா, அதைத்தான் நான் பார்த்தேன். தொண்ணூறு நாள், ஒரு நாள்கூட விடாமல். லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஈயாக எண்ணினேன். நான்காவது, ஐந்தாவது கட்டங்களில் அதெல்லாம் இருக்கிறது, அந்த இரண்டு கட்டமும் என்னுடையவை, அதைப் படித்தால் எனக்கே நான் பெரிய ஆள்போலத் தெரிகிறது. ஆனால் மிஸ் சொல்கிறார், ஆய்வு எல்லோருமே நல்லா பண்ணியிருப்பாங்கடா, பெரிய ஊர்ப் பிள்ளைங்க பெரிய லேபில் பண்ணியிருப்பாங்க, ஏழாவதுலதான் நம்ம ஜெயிக்கணும். ஏழாவதில் ஜெயிப்பது என்றால் அம்மாவை வைத்து ஜெயிப்பது. இதை நான் மிஸ்ஸிடம் சொன்னேனா? சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். எப்போதும் தலையைத்தான் ஆட்டுகிறேன்.

கல் என்பது மிஸ்ஸின் சொல் இல்லை. அதுதான் இருபது நிமிடமாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அது நான் சொன்னது. ஜூன் மாதம், கெமிஸ்ட்ரி லேபில் பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு அழுதேன், பியூரெட்டுக்கு யாராவது அவ்வளவு அழுவார்களா, மிஸ் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டில் ஏதாவதா என்று கேட்டார், அவ்வளவு மெதுவாக அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை, நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏழாவது படிக்கும்போது அம்மா பேசாமல் இருந்தாங்க மிஸ், கல்லு மாதிரி இருந்தாங்க. சொன்னதும் மிஸ்ஸின் கண்ணில் தண்ணீர். எனக்கு அழுகை நின்றுவிட்டது. நின்றது மட்டுமா, உள்ளே எங்கோ ஒரு இனிப்பு. என்னைப் பார்த்து ஒருத்தர் அழுகிறாரே என்று. அந்த இனிப்புக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். ஐந்து மாதமா, ஏழு மாதமா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது, ஏழு என்றேன். நானேதான் மிஸ் எல்லாத்தையும் பாத்துக்கிட்டேன் என்றேன். அப்படிச் சொன்னது இப்போது டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் பன்னிரண்டு புள்ளி அளவில் இருக்கிறது. நேற்று அவர் இதை வாசித்துக் காட்டியபோது, மிஸ், இது வேண்டாமே என்று மெதுவாக இழுத்தேன், அவர் கோபப்படவில்லை. பொய் ஒண்ணும் இல்லையேடா, எல்லாம் நீ சொன்னதுதானே என்றார். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து எனக்காக உட்கார்ந்தவர். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருடம் அம்மாவின் வயிற்றில் பாப்பா இருந்தது. ஏழாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பாப்பா இல்லாமல் வந்தார்கள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கல கண்ணு, அம்மாகிட்ட எதுவும் கேக்காத, வெளிய யார்கிட்டயும் சொல்லாத என்றார். அப்பா லாரி ஓட்டுகிறார், நாக்பூர் லோடு, அந்த வாரமே போய்விட்டார், போகாமல் முடியாது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சுவரில் சுண்ணாம்பு உரிந்து ஒரு ஆடு மாதிரி இருக்கும், அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ரவை உப்புமா செய்தேன், அடிப்பிடித்தது, அம்மா அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றாள், நன்றாக இல்லை என்றாவது சொல்லமாட்டாளா என்று கதவோரம் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் அம்மாவுக்கு வயித்து வலி, ரெஸ்ட் எடுக்குது என்பேன். அந்த முகம். கண் திறந்திருக்கும், ஆனால் உள்ளே ஆள் இருக்காது. பள்ளியிலிருந்து வரும் வழியெல்லாம் அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டு வருவேன், இன்றைக்கு மாறியிருக்கும், இன்றைக்கு மாறியிருக்கும். அப்புறம் ஒரு நாள், தை மாதம் என்று நினைவு, நான் உள்ளே வந்ததும், செருப்ப வெளிய விடு என்றாள். அவ்வளவுதான். முடிந்தது. அதற்குப் பிறகு அதைப்பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள், நாள் முழுக்கப் பேச்சுதான், அக்கா இந்த பார்டர் உங்களுக்கு எடுப்பா இருக்கும், தங்கச்சி இத விரிச்சுப் பாரு. அவளோடு நிற்கிற ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. விருது கிடைத்தால் பேப்பரில் வரும். பள்ளி வாசலில் பேனர் வைப்பார்கள், என் போட்டோவோடு, சோதனையை வென்ற சாதனை மாணவி என்று போடுவார்கள், அப்படித்தான் போடுவார்கள். கடையில் யாராவது அதைப் படித்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். பரிதாபமாகக்கூட இருக்காது, சும்மா ஒரு பார்வை, இவளா அது என்று. அந்தப் பார்வையை நான் செய்து கொடுக்கிறேன். இருநூற்று எண்பத்தேழு சொற்களில்.

அழித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று. கட்டம் வெறுமையாக இருக்கிறது, கீழே சிவப்பு எழுத்தில், இன்னும் இருநூற்றைம்பது சொற்கள் தேவை. சரி, வேறு தடை. என்ன தடை? தோட்டத்து நாய். முதல் வாரம் அது என்னை மரத்தருகே விடவில்லை. இருபது சொல் வரும். ஏணி எட்டவில்லை. மழை பெய்து தாள் நனைந்தது. எல்லாம் சேர்த்தாலும் அறுபது. சாதாரணமாக வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை போலிருக்கிறது. இல்லை, எனக்கு வேண்டும், இந்த விருது எனக்கு வேண்டும், அதை மறைத்துப் பிரயோசனமில்லை. கிடைத்தால் பூச்சியியல் படிக்க விருது தருகிறவர்களே கல்லூரியில் இடம் தருவார்கள், அங்கே இருக்கும் லேபின் படத்தை இணையத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் குத்தி வைத்த வண்டுகள், ஒவ்வொன்றுக்கும் கீழே சின்னச் சீட்டு. அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிற என்னை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை இனி எப்படிப் பார்க்காமல் இருப்பது? மணி மூன்று ஐம்பது. திரும்ப அதையே காப்பி பண்ணிப் போட்டேன். கட்டம் நிறைந்துவிட்டது. அழித்தேன். போட்டேன். மைதானத்தில் விசில். மறுபடி முதலிலிருந்து.

அம்மாவின் குரல் முதலில் கேட்டது, வராந்தாவில், வணக்கமுங்க மிஸ், கடையில ஒரு மணி நேரந்தானுங்க பர்மிசன் குடுத்தாங்க என்று. மிஸ் சிரித்துக்கொண்டே, இதோ அஞ்சே நிமிசம்ங்க, உங்க பொண்ணு எங்க பேரைக் காப்பாத்தப் போறா என்கிறார். இருவரும் உள்ளே வருகிறார்கள். அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு, கடையின் மெரூன் நிற யூனிபார்ம் சேலையில், கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைக்கிறாள். மிஸ் என் திரையில் இருந்ததை அச்சடித்து, பிரிண்டரிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைக்கிறார், பெற்றோர் இங்கே கையெழுத்திட வேண்டும், ஏழு கட்டங்களையும் படித்துச் சம்மதிக்கிறேன் என்று அதில் இருக்கிறது. அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். போட்டுவிடு, போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடு என்று நான் வேண்டிக்கொண்டிருக்கும்போதே, இதுல என்ன கண்ணு எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு என்றாள். அம்மா பத்தாவது வரை தமிழில் படித்தவள், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டுவாள். எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் போடுவாள், இதை நான் எப்படி மறந்தேன்? மிஸ் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். இதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் மிஸ்ஸுக்குப் புரிந்தது போலிருக்கிறது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

முதல் ஆறு கட்டத்தையும் சொன்னேன். ஈயைப் பற்றிச் சொன்னபோது அம்மா, பெரியப்பன் தோட்டத்துலயே வெயில்ல நின்னு கறுத்துப் போச்சுங்க மிஸ் என்று சிரித்தாள். ஏழாவது வந்தது. நான் ஏழாவது படிக்கறப்ப அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, அப்ப நான் வீட்டு வேலை செஞ்சுட்டே படிச்சேன் என்றேன். அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு அம்மா தாளின் மேல் விரலை வைத்தாள். மேலிருந்து கீழே இழுத்தாள், பத்தி முழுக்க. இவ்வளவு நீளமா இருக்குது, நீ சொன்னது ஒரு வரிதான வருது? நான் சொல்றேன்ங்க என்று மிஸ் ஏதோ ஆரம்பித்தார். இல்லீங்க, அவளே சொல்லட்டும் என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. சேலை விரிக்கும்போது வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்தான். ஓடிவிடலாமா என்று கால் நினைத்தது, கதவு ஆறடி தூரத்தில் இருந்தது, ஆனால் ஓடினாலும் தாள் அங்கேயேதான் இருக்கும். சொன்னேன். ஒவ்வொரு வரியாக, ஆங்கிலத்தைப் பார்த்து, தமிழில், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். என் தாய் ஏழு மாதங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கல் இருந்தது. அந்தக் கல்லுக்கு நான் சமைத்துப் போட்டேன். யாருடைய கவனிப்பும் இல்லாமல் நானே என்னை வளர்த்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. தமிழில் வந்ததும், அம்மா இரண்டடி தூரத்தில் நிற்க, அது வேறாக இருந்தது. கடைசி வரி வரை சொல்லிவிட்டுத் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது திரும்பி வந்துவிட்டது, போச்சு, மறுபடி நிறுத்திக்கொண்டாள், இனி எத்தனை மாதமோ என்று நினைத்துவிட்டேன். பிறகு, ஏழு மாசம் இல்ல, அஞ்சு மாசந்தான் என்றாள். நான் பேசல, அது நெசந்தானுங்க மிஸ், எழுதட்டும், நடந்ததத்தான எழுதுது. என் பக்கம் திரும்பினாள். ஆனா தெனமும் காலைல உனக்குத் தலை பின்னி உட்டனே கண்ணு. அது நெனப்பில்லையா? ரெட்டைச் சடை, மடிச்சு, ரிப்பன் வெச்சு. ஒரு நாள் தவறியிருப்பனா? கல்லுன்னு எழுதியிருக்கறயே, கல்லு தலை பின்னுமா?

நினைவில்லை. இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். அப்புறம் முதுகில் வந்தது, நினைவு தலையில் வரவில்லை, முதுகில் வந்தது. பாயில் அம்மா உட்கார்ந்திருக்க, அவள் முழங்கால்கள் என் இரண்டு தோளையும் இடிக்க நான் கீழே உட்கார்ந்திருக்கிறேன். சீப்பு உச்சியிலிருந்து கோடு கிழிக்கிறது. எண்ணெய்க் கை. சடையை இழுக்கும்போது தலை பின்னால் போய் அவள் வயிற்றில் இடிக்கும், அவள் ஒரு கையால் தலையை நேராக்குவாள், ஒன்றும் பேசாமல், ஆனால் நேராக்குவாள். எங்கள் பள்ளியில் சடை சரியாக இல்லாவிட்டால் பிரேயரில் வெளியே நிறுத்துவார்கள், அந்த வருடம் என்னை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, எனக்கு இன்றைக்கும் சரியாகப் பின்ன வராது, அப்படியென்றால் யார் பின்னினார்கள் என்று நான் ஒரு தடவையாவது யோசித்தேனா? நான் முகத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். பின்னல் முதுகுப் பக்கம் நடந்தது. அதைப் பார்க்கவில்லை, பார்க்காததால் இல்லை என்று வைத்துக்கொண்டேன், தொண்ணூறு நாள் ஒரு ஈயையும் தவறவிடாமல் எண்ணினவள்.

நான் மாத்தி எழுதறேன் மிஸ் என்றேன். என் குரல்தான் அது. மணி நாலு பத்து. மிஸ் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். அழித்தேன், இந்த முறை கையோடு சேர்ந்து நானும் அழித்தேன். என் ஆங்கிலத்தில் எழுதினேன், சின்னச் சின்ன வாக்கியம், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பில்லாமல். ஐந்து மாதம் என் அம்மா பேசவில்லை. ஒவ்வொரு காலையும் என் தலையைப் பின்னிவிட்டாள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த மாதங்களைப் பற்றி மற்றவர்களிடம் சொன்னபோதும் தவறாகத்தான் சொன்னேன். கவனிக்காமல் விட்டதுதான் என் தடை, அதை நான் இன்னும் கடக்கவில்லை, இன்று மதியம்தான் தெரிந்துகொண்டேன். இப்படியே போயிற்று. நடுவில் சொல் கிடைக்காமல் அம்மாவைக் கேட்டேன், ரிப்பன் என்ன கலர்ம்மா? பச்சை, வெள்ளிக்கெழமை மட்டும் வெள்ளை என்றாள். அதையும் எழுதினேன். இருநூற்று ஐம்பத்து மூன்று வந்தது. மிஸ் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார், இரண்டு தடவை. இதுல தடையக் கடந்த மாதிரி எதுவுமே இல்லையேடா, இருபது பேர்ல வராது என்றார். தெரியும் மிஸ் என்றேன். தெரியும், தெரிந்தே இருந்தது, கண்ணாடிப் பெட்டியில் வண்டுகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருந்தன, வலித்தது. மிஸ் பெருமூச்சு விட்டு, மவுஸை என் கையிலிருந்து வாங்கினார். ரிப்பனுக்கு ரெண்டு பி என்று சொல்லித் திருத்தினார். புதிதாக அச்சடித்த தாளை அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். அவள் பேனாவைத் திறந்து, சாந்தாமணி என்று தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அதை ஸ்கேன் பண்ணிச் சேர்த்து, நாலு நாற்பத்தொன்றுக்கு அனுப்பினோம். இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது.

கேட் வரைக்கும் அம்மாவோடு போனேன். பர்மிசன் நேரம் முடிகிறது, அம்மா வேகமாக நடந்தாள், நான் பக்கத்தில் ஓடினேன். கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்த கேள்வி நாலு வருடமாக வாயிலேயே கிடந்தது, இப்போதும் கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கமாட்டேன் என்று பட்டது. ஏம்மா பேசாம இருந்த? அம்மா நடையை நிறுத்தவில்லை. வாயத் தொறந்தா அந்தப் பாப்பாவப் பத்தித்தான் வந்திருக்கும் கண்ணு, வேற எதுவும் வராதாட்ட இருந்துச்சு, உனக்குப் பன்னண்டு வயசு, உன்றகிட்டப் போயி அதப் பேசறதா என்றாள். ரோட்டில் கடைவீதி வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் வந்தது, கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே ஓடி ஏறிவிட்டாள், ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தாள். பஸ் போய்விட்டது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அது தம்பியா, தங்கச்சியா என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.